தைவான்–சீனா பொருளாதாரப் பேச்சுவார்த்தை: புதிதாகப் பின்தொடர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தைவானும் சீனாவும் 2010-ல் போட்டுக்கொண்ட பொருளாதார ஒப்பந்தத்தின் கடைசி வரிகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜூன் 29 அன்று கையெழுத்தானது என்று எழுதியிருக்கிறார்கள். எந்த வருஷம் என்று எழுதவில்லை.

அச்சுப்பிழை ஒன்றுமில்லை. பெய்ஜிங் கணக்கில் அது 2010. தைபே அரசோ தன் ஆவணங்களில் 1912-ஐ முதல் ஆண்டாக வைத்து, சீனக் குடியரசின் இத்தனையாவது ஆண்டு என்று எண்ணும். அந்தக் கணக்கில் அது 99. அந்த 99-ஐ எழுதினால், 1949-லேயே முடிந்துபோனது என்று பெய்ஜிங் சொல்லும் ஓர் அரசு இன்னும் இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். வெறும் 2010 என்று எழுதினால் தைபேயில் எதிர்க்கட்சி சும்மா விடாது. எதற்கு வம்பு என்று வருஷத்தையே விட்டுவிட்டார்கள். அடுத்த வரி இன்னும் சாமர்த்தியம்: மொத்தம் நான்கு பிரதிகள், ஆளுக்கு இரண்டு, அவற்றில் சொற்கள் வேறுபடும் இடங்களிலும் பொருள் ஒன்றே என்று கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் தருவது என் பிழைப்பு. இந்தப் பகுதிக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் போர் விமானம், போர்க்கப்பல் செய்திகளில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சுங்க வரி என்றதும் தூக்கம் வந்துவிடுகிறது. உண்மையில் இந்த இரண்டு அரசுகளும் என்ன நினைக்கின்றன என்பது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் தெரியாது. பின்னிணைப்பிலும், கையெழுத்துக்குக் கீழே இருக்கும் பெயரிலும், வெளியேறும் விதியிலும்தான் தெரியும். அதைப் படிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

படி 1: முதலில் பெயர்களைப் பாருங்கள்

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தலைப்பில் ‘இரு நாடுகளும் உடன்பாடு’ என்று போட்டுவிட்டேன். மூத்தவர் ஒருவர் கூப்பிட்டு, “எந்த ரெண்டு நாடுப்பா?” என்று கேட்டார். சீனாவைப் பொறுத்தவரை தைவான் தன் மாகாணம். தைவானின் அரசியல் சட்டப்படி அங்கே இருப்பது சீனக் குடியரசு. இந்தியா உட்பட உலகின் பெரும்பாலான அரசுகள் தைபேயுடன் தூதரக உறவு வைத்துக்கொள்ளவில்லை. நான் போட்ட இரண்டு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர்களே இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘இரு கரை’. தைவான் நீரிணையின் இந்தக் கரை, அந்தக் கரை. நாடு என்றும் இல்லை, மாகாணம் என்றும் இல்லை. தமிழிலும் அழகாகவே உட்காருகிறது, தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஒப்பந்தத்தின் பெயரிலும் இதே கவனம். 2003 ஜூன் 29-ல் சீனா ஹாங்காங்குடன் ஒரு பொருளாதார உடன்பாடு செய்தது. ‘செப்பா’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் முழுப்பெயரில் இருப்பது ஒப்பந்தம் என்ற சொல் இல்லை, ‘ஏற்பாடு’ என்ற சொல். ஒரே நாட்டுக்குள் மத்திய அரசு தன் பகுதி ஒன்றுடன் செய்துகொள்ளும் ஏற்பாடு என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தைவான் பக்கம் முதலில் யோசித்த பெயரின் சுருக்கம் ‘செக்கா’ என்று வந்தது. ‘செப்பா’வின் தம்பி போல இருக்கிறதே, நம்மையும் ஹாங்காங் ஆக்கப் பார்க்கிறார்களா என்று எதிர்ப்பு கிளம்பியது. 2009-ல் பெயரை மாற்றினார்கள்: பொருளாதார ஒத்துழைப்புச் சட்டக ஒப்பந்தம், சுருக்கமாக ‘எக்ஃபா’. தைவானில் பேசும் ஹொக்கியன் மொழியில் அந்தச் சுருக்கத்தை ‘மறுபடியும் செழிக்கும்’ என்ற பொருள் வரும்படி உச்சரிக்கலாம். அரசு அதையே விளம்பர வாசகமாக்கிவிட்டது. நம் ஊர் திட்டங்களுக்குப் பெயர் வைப்பவர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

இன்னொரு பெயரும் தெரிந்திருக்க வேண்டும். சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. தைவான் 2002 ஜனவரி 1-ல் சேர்ந்தது. அங்கே தைவானின் பெயர் ‘தைவான், பெங்கு, கின்மென், மாட்சு ஆகியவற்றின் தனிச் சுங்கப் பகுதி’. கடைசி மூன்றும் தைவான் அரசின்கீழ் இருக்கும் தீவுகள். நாடாக இருந்தால்தான் உறுப்பினராகலாம் என்ற விதி அந்த அமைப்பில் கிடையாது. தன் சுங்க வரியைத் தானே தீர்மானிக்கும் பகுதியாக இருந்தால் போதும். இந்த நீளமான பெயரை வைத்துத்தான் 2013-ல் தைவான் நியூசிலாந்துடனும் சிங்கப்பூருடனும் தனித்தனியாக வர்த்தக ஒப்பந்தம் போட்டது. ஆக, ‘தைவானுக்கு எந்த நாட்டோடும் ஒப்பந்தம் போட முடியாது’ என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

2015 நவம்பர் 7-ல் சிங்கப்பூரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அன்றைய தைவான் அதிபர் மா யிங்-ஜியோவும் சந்தித்தார்கள். 1949-க்குப் பிறகு இரு கரைத் தலைவர்கள் நேரில் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் முறை. ஒருவரையொருவர் ‘அதிபர்’ என்று அழைத்துக்கொள்ளவில்லை, ‘திரு’ போட்டுக்கொண்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கான பில்லையும் பாதிப்பாதியாகக் கட்டினார்கள். யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்ற கேள்வி வரக்கூடாதே!

படி 2: மேசையில் உட்கார்ந்திருப்பது யார்?

அரசும் அரசும் நேராகப் பேசினால் ஒன்றையொன்று அங்கீகரித்ததாகிவிடும். அதனால் நடுவில் ஆள் வைத்துக்கொண்டார்கள். தைவான் 1990-ன் கடைசியில் நீரிணைப் பரிமாற்ற அறக்கட்டளையைத் தொடங்கியது. சீனா 1991 டிசம்பரில் தைவான் நீரிணை உறவுகள் சங்கத்தைத் தொடங்கியது. பெயரளவில் இரண்டும் தனியார் அமைப்புகள். பின்னால் இருந்து இயக்குவது தைவானில் அரசின் பெருநில விவகார கவுன்சில், சீனாவில் அரசின் தைவான் விவகார அலுவலகம். தைவான் பத்திரிகைகள் இந்த அமைப்புகளை ‘வெள்ளைக் கையுறை’ என்று சொல்லும். கை அரசுடையது, தொடுவது கையுறை.

செய்தியில் கையெழுத்துப் போட்டது யார் என்று பார்த்தால் உறவு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கையுறைகள் சந்தித்தால் வழக்கமான நிலை. 2014 பிப்ரவரியில் நான்ஜிங்கில் நடந்ததுபோல இரு பக்க அரசுத் துறைத் தலைவர்களே சந்தித்தால் உறவு சூடு பிடித்திருக்கிறது. நகராட்சிகள், கட்சிகள், வர்த்தக சங்கங்கள் மட்டும் போய்வந்து கொண்டிருந்தால் மேல்மட்டக் கதவு சாத்தியிருக்கிறது என்று அர்த்தம். 2016-லிருந்து அப்படித்தான்.

இந்தக் கையுறை ஏற்பாடும் ஒரே நாளில் வரவில்லை. 1986 மே மாதம் தைவானின் சரக்கு விமானம் ஒன்றை அதன் விமானியே குவாங்சூவுக்குத் திருப்பிக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். விமானத்தையும் மற்றச் சிப்பந்திகளையும் மீட்க வேண்டும். அரசோடு பேசுவதில்லை என்பது தைபேயின் கொள்கை. கடைசியில் இரு பக்க விமான நிறுவனக்காரர்கள் ஹாங்காங்கில் உட்கார்ந்து பேசினார்கள். வியாபாரிகள் பேசியதாகக் கணக்கு. 1990-ல் சட்டவிரோதமாகக் கடல் தாண்டியவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தபோது செஞ்சிலுவைச் சங்கங்கள் கின்மென் தீவில் உடன்பாடு செய்தன. அதற்கு அப்புறம்தான் நிரந்தரக் கையுறைகள் தைக்கப்பட்டன.

1993 ஏப்ரலில் இரண்டு அமைப்புகளின் தலைவர்களான கூ சென்-ஃபுவும் வாங் தாவோஹானும் சிங்கப்பூரில் சந்தித்தார்கள். உலகமே பார்த்த சந்திப்பு. என்ன பேசினார்கள் தெரியுமா? பதிவுத் தபால் தொலைந்தால் விசாரிப்பது எப்படி, திருமணம், வாரிசு போன்ற சான்றிதழ்களைச் சரிபார்ப்பது எப்படி என்பது போன்ற விஷயங்கள். சிரிக்க வேண்டாம். நாற்பது வருஷம் பிரிந்திருந்த குடும்பங்களுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் அப்பா விட்டுப்போன காணி கைக்கு வராது. பேச்சுவார்த்தைகள் இப்படிப்பட்ட இடங்களில்தான் வேர் பிடிக்கின்றன.

படி 3: ஒரு பக்கக் காலவரிசையைக் கையால் எழுதி ஒட்டிவையுங்கள்

தைவானில் யார் ஆட்சி என்பதையும் பேச்சு நடந்ததா என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். பாதி விஷயம் அதிலேயே விளங்கும்.

1979 ஜனவரி 1: சீனா ‘தபால், போக்குவரத்து, வர்த்தகம்’ என மூன்று இணைப்புகளுக்கு அழைப்பு விடுத்தது. தைபேயின் பதில்: தொடர்பு இல்லை, பேச்சு இல்லை, சமரசம் இல்லை. 1987: உறவினரைப் பார்க்கச் சீனா போய்வர தைவான் மக்களுக்கு அனுமதி. 1995: தைவான் அதிபர் லீ டெங்-ஹுய் அமெரிக்கா போனார், பேச்சு நின்றது. 1999: இரு கரை உறவு ‘நாட்டுக்கும் நாட்டுக்குமான சிறப்பு உறவு’ என்று அவர் சொன்னார், திரும்பவும் நின்றது. 2001 ஜனவரி: கின்மென், மாட்சு தீவுகளிலிருந்து மட்டும் சீனாவுக்கு நேரடிப் படகு. 2008 மே: குவோமிந்தாங் கட்சியின் மா யிங்-ஜியோ பதவியேற்றார், ஜூன் மாதமே பேச்சு மறுபடி தொடங்கியது. 2016 மே: ஜனநாயக முற்போக்குக் கட்சியின் சாய் இங்-வென் பதவியேற்றார், ஜூனில் சீனா தொடர்பைத் துண்டித்தது.

2008-க்கும் 2015-க்கும் நடுவில் மட்டும் 23 ஒப்பந்தங்கள். அதற்கு முன்பு தைபேயிலிருந்து ஷாங்காய் போக வேண்டுமென்றால் ஹாங்காங்கிலோ மக்காவிலோ இறங்கி மாறித்தான் போக வேண்டும். 2008 டிசம்பர் 15-லிருந்து விமானம், கப்பல், தபால் எல்லாம் நேரடி. சாதாரண மக்களின் வாழ்க்கையை எக்ஃபாவைவிட அதிகமாக மாற்றியது இதுதான் என்பது என் எண்ணம்.

பெய்ஜிங் பேசுவதற்கு வைக்கும் முன்நிபந்தனை ‘1992 கருத்தொற்றுமை’. அந்த ஆண்டு ஹாங்காங்கில் நடந்த பேச்சில் ஒரே சீனா என்பதை இரு பக்கமும் ஏற்றதாக ஒரு சாரார் சொல்கிறார்கள். அதன் விளக்கம் அவரவர்க்கு என்று குவோமிந்தாங் சேர்த்துக்கொள்ளும். அப்படி எந்த உடன்பாடும் கிடையாது என்பது முற்போக்குக் கட்சியின் வாதம். அந்தப் பெயரே 2000-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. செய்தியில் இந்தச் சொல் வந்தால் ‘எனப்படும்’ என்று சேர்த்துவிடுங்கள், பாதுகாப்பு.

படி 4: பின்னிணைப்புக்குத் தாவுங்கள்

எக்ஃபா 2010 ஜூன் 29-ல் சோங்சிங் நகரில் கையெழுத்தாகி, செப்டம்பர் 12-ல் நடைமுறைக்கு வந்தது. உடம்பு சின்னது, 16 ஷரத்துகள்தான். ‘படிப்படியாகக் குறைத்தல்’, ‘ஊக்குவித்தல்’ என்ற வழக்கமான பேச்சு. ஐந்து பின்னிணைப்புகளில்தான் சரக்கு இருக்கிறது.

முதலில் திறக்க வேண்டியது ‘முன்னறுவடை’ப் பட்டியல். முழு ஒப்பந்தம் பழுக்கும்வரை காத்திராமல் முதலிலேயே பறித்துக்கொள்ளும் பொருட்கள். தைவானிலிருந்து சீனாவுக்குப் போகும் 539 பொருட்களுக்குச் சீனா வரி குறைத்தது. சீனாவிலிருந்து தைவானுக்கு வரும் 267 பொருட்களுக்குத் தைவான் குறைத்தது. அன்றைய வர்த்தக மதிப்பில் முதலாவது சுமார் 1,380 கோடி டாலர், இரண்டாவது சுமார் 290 கோடி டாலர். 2011 ஜனவரி 1-ல் தொடங்கி மூன்று கட்டமாகக் குறைத்து 2013-ல் எல்லாம் பூஜ்யம்.

539-க்கு 267 என்ற கணக்கைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி உங்களுக்கும் வரும்: பெரிய பக்கம் ஏன் இவ்வளவு விட்டுக்கொடுத்தது? பெய்ஜிங்குக்கு அது வியாபாரக் கணக்கே இல்லை. தைவானின் விவசாயி, மீனவர், சிறு ஆலைக்காரர் மனதைப் பிடிக்கும் கணக்கு. பட்டியலில் இருந்த 18 விவசாய, மீன் பொருட்களைப் பாருங்கள். உயிருள்ள களவா மீன் இருக்கிறது, தேயிலை இருக்கிறது, டிராகன் பழம் இருக்கிறது. இவற்றில் பல விளைவது தைவானின் தெற்கில். அங்கேதான் முற்போக்குக் கட்சியின் வாக்கு. சீன விவசாயப் பொருளுக்கோ தைவான் புதிதாகக் கதவு திறக்கவே இல்லை. வரிப் பட்டியலைத் தேர்தல் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி நிபுணர் ஆகிவிட்டீர்கள்.

தைவான் ஏன் அவசரப்பட்டது? 2010 ஜனவரி 1-ல் சீனா–ஆசியான் தடையற்ற வர்த்தகம் நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்து, மலேசியாவின் பிளாஸ்டிக் மூலப்பொருள் வரியில்லாமல் சீனாவுக்குள் போகும். தைவானுடையது வரி கட்டிப் போக வேண்டும். பெட்ரோகெமிக்கல், துணி, இயந்திர உறுப்பு ஆலைகள் பயந்தன. 539-ல் பெரும்பகுதி இவர்களுடையதுதான்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ‘எக்ஃபா ரத்தானால் தைவான் சிப் ஏற்றுமதி பாதிக்கும்’ என்ற தலைப்பை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். செமிகண்டக்டர் சிப்புகள் பெரும்பாலும் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்கீழ் ஏற்கெனவே பூஜ்ய வரியில் இருக்கின்றன. எக்ஃபா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றுக்கு வரி கிடையாது. ஒரு பொருளைப் பற்றி எழுதும் முன் அதன் சுங்கக் குறியீட்டு எண் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

அப்புறம், பிறப்பிட விதி. தைவான் பெட்டிக்குள் வியட்நாம் சரக்கை வைத்து அனுப்பினால் சலுகை கிடைக்காது. எந்த அளவு வேலை தைவானில் நடந்தால் அது தைவான் பொருள் என்று ஒரு பின்னிணைப்பு பொருள்வாரியாகச் சொல்கிறது. ஏற்றுமதிக்காரர்கள் ‘சி.ஓ.’ என்று சொல்லும் பிறப்பிடச் சான்றிதழ் இல்லாமல் துறைமுகத்தில் சலுகை கேட்க முடியாது. திருப்பூரில் ஐரோப்பாவுக்குத் துணி அனுப்பும் யாரையாவது கேளுங்கள். இதைப் பற்றி என்னைவிட நன்றாகவே சொல்வார்கள்.

எக்ஃபா வெறும் சட்டகம். சரக்கு, சேவை, முதலீடு, தகராறு தீர்த்தல் என நான்கு ஒப்பந்தங்கள் பின்னால் வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. முதலீட்டுப் பாதுகாப்பு மட்டும் 2012-ல் கையெழுத்தாகி நடைமுறைக்கு வந்தது. சரக்கும் தகராறும் பேச்சோடு நின்றன. சேவையின் கதை தனி.

படி 5: வீட்டுக்குள் யார் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள்

சேவை வர்த்தக ஒப்பந்தம் 2013 ஜூன் 21-ல் ஷாங்காயில் கையெழுத்தானது. சீனா 80 இனங்களில் திறக்கும், தைவான் 64 இனங்களில் திறக்கும். முடி திருத்தகம், சிறு அச்சகம், மொழிபெயர்ப்பு, பயண முகமை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அந்தத் தொழிலில் இருந்தவர்கள் கொதித்தார்கள். ஒவ்வொரு ஷரத்தாக நாடாளுமன்றத்தில் விவாதிப்போம் என்று கட்சிகள் ஒப்புக்கொண்டன.

2014 மார்ச் 17. குழுக் கூட்டத்தில் ஒரே கூச்சல். தலைமை தாங்கிய ஆளுங்கட்சி உறுப்பினர் கையடக்க மைக்கைப் பிடித்து, விவாதக் காலம் முடிந்துவிட்டது, ஒப்பந்தம் அவைக்கு அனுப்பப்படுகிறது என்று அறிவித்துவிட்டு இறங்கினார். மொத்தமே அரை நிமிஷம். தைவானில் இன்றும் ‘முப்பது விநாடி’ என்றால் எல்லோருக்கும் புரியும். மறுநாள் இரவு மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். பூக்கடைக்காரர் ஒருவர் சூரியகாந்திப் பூக்கள் கொண்டுவந்து கொடுத்தார். போராட்டத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏப்ரல் 10 வரை அவர்கள் வெளியே வரவில்லை. முதலில் இரு கரை ஒப்பந்தங்களைக் கண்காணிக்க ஒரு சட்டம், அப்புறம்தான் இது என்று அவைத் தலைவர் வாக்குக் கொடுத்த பிறகே கிளம்பினார்கள். சேவை ஒப்பந்தம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

ஆகவே, கைகுலுக்கும் படம் வந்ததும் ‘ஒப்பந்தம் முடிந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். சீனப் பக்கத்தில் மேலிடம் முடிவெடுத்தால் முடிந்தது. தைவான் பக்கத்தில் கையெழுத்து பாதி வழிதான். என் கருத்தில் பெய்ஜிங் கடைசிவரை சரியாக எடைபோடாதது இதைத்தான்: சலுகை கொடுத்தால் நன்றி வரும் என்று எதிர்பார்த்தது, வந்தது சந்தேகம்.

படி 6: கதவு எப்படிச் சாத்தப்படும் என்று படியுங்கள்

எக்ஃபாவின் 16-ஆவது ஷரத்துப்படி வெளியேற விரும்பும் பக்கம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். 30 நாளுக்குள் பேச வேண்டும். உடன்பாடு வராவிட்டால் அறிவித்த 180-ஆவது நாள் ஒப்பந்தம் முடியும். இதுவரை யாரும் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதற்குத் தேவையும் வரவில்லை. கதவைச் சாத்த வேறு வழிகள் இருக்கின்றன. பழம் தடை, மீன் தடை என்று செய்தி வந்தால் அது எந்த அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டது என்று பிரித்துப் பாருங்கள். மூன்று அலமாரிகள்.

முதல் அலமாரி, நோய்த்தடுப்புச் சோதனை. 2021 மார்ச் 1-ல் பூச்சி இருக்கிறது என்று சொல்லித் தைவான் அன்னாசியைச் சீனா நிறுத்தியது. அந்த ஆண்டு செப்டம்பரில் சீத்தாப்பழமும் வாட்டர் ஆப்பிளும். 2022 ஜூனில் தடைசெய்யப்பட்ட மருந்து இருக்கிறது என்று களவா மீன். பூச்சி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தேதிகளைப் பார்த்தால் சந்தேகம் வராமல் போகாது. இந்த அலமாரிக்கு எந்த ஒப்பந்தமும் குறுக்கே நிற்பதில்லை. அன்னாசிச் செய்தியில் இன்னொன்றையும் பாருங்கள்: ஏற்றுமதியான அன்னாசியில் 90 சதவீதத்துக்கு மேல் சீனாவுக்குப் போனது உண்மைதான், ஆனால் மொத்த விளைச்சலில் ஏற்றுமதியே பத்தில் ஒரு பங்குதான். இரண்டில் எந்த எண்ணைத் தலைப்பில் போடுகிறீர்களோ, அதைப் பொறுத்துச் செய்தியே மாறிவிடும்.

இரண்டாவது, ஒருதலைச் சலுகை. 2005-ல் தைவான் எதிர்க்கட்சித் தலைவர் பெய்ஜிங் வந்துபோன பிறகு 15 வகைப் பழங்களுக்குச் சீனா தானாகவே வரியை நீக்கியது. பின்னால் காய்கறி, மீன் என்று அது நீண்டது. இப்படிப்பட்ட 34 விவசாயப் பொருட்களின் வரிவிலக்கை 2024 செப்டம்பரில் சீனா எடுத்துக்கொண்டது. கொடுத்தவரே எடுத்துக்கொண்டார், எக்ஃபாவுக்கு இதில் வேலை இல்லை.

மூன்றாவது அலமாரிதான் எக்ஃபா. 2023 டிசம்பர் 21-ல், தைவான் அதிபர் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில், புரோப்பிலீன், பாரா-சைலீன் போன்ற 12 பெட்ரோகெமிக்கல் பொருட்களின் சலுகையை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்துவதாகச் சீனா அறிவித்தது. மறுநாளே, பதிவுபெற்ற சில பண்ணைகளின் களவா மீன் மட்டும் திரும்ப வரலாம் என்று சொன்னது. அடியும் அணைப்பும் ஒரே வாரத்தில். மே 20-ல் லாய் சிங்-தே அதிபரானார்; மே 31-ல் இன்னும் 134 பொருட்களின் சலுகையை ஜூன் 15 முதல் நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. மிச்சம் 393.

இந்த இடத்தில் ஒரு பக்கக் கதையை மட்டும் எழுதிவிடாதீர்கள். சீனா சொன்ன காரணம், தன் 2,509 பொருட்களைத் தைவான் இன்றும் உள்ளே விடுவதில்லை என்பது. அந்த மாதிரித் தடைப்பட்டியல் தைவானில் இருப்பது உண்மை. உலக வர்த்தக அமைப்பின் பொது விதியோடு அது ஒட்டாது என்பதும் உண்மை. உலக வர்த்தக அமைப்பிலேயே பேசிக்கொள்ளலாம் என்று தைபே அழைத்தபோது பெய்ஜிங் போகாததும் உண்மை.

படி 7: எண்களைக் கையாளும்போது

தைவானின் புள்ளிவிவரங்கள் பல நேரம் சீனாவையும் ஹாங்காங்கையும் சேர்த்தே சொல்லும். 2020-ல் தைவான் ஏற்றுமதியில் இரண்டும் சேர்ந்து சுமார் 44 சதவீதம். 2023-ல் சுமார் 35. ஹாங்காங்கைக் கழித்தால் இரண்டும் இறங்கும். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் சதவீதம் போடாதீர்கள். பங்கு குறைந்ததற்கு வரிச்சலுகை போனதைக் காரணமாகக் காட்டாதீர்கள்; அது 2024-ல்தான் போனது. ஆலைகள் வேறிடம் பார்த்ததும், அமெரிக்காவுக்கான ஏற்றுமதி கூடியதும் அதற்கு முன்பே நடந்தவை.

ஆலைகள் எங்கே போயின என்பதைக் காண நாம் தைபே போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் தைவான் நிறுவனம். செய்யாறில் ஷூ தைக்கும் ஃபெங் டே குழுமமும் அப்படித்தான். இந்தியாவும் தைவானும் பழகும் முறையும் கையுறை முறைதான்: தைபேயில் இருக்கும் இந்திய அலுவலகத்தின் பெயர் தூதரகம் இல்லை, ‘இந்தியா–தைபே சங்கம்’, சென்னையில் 2012-லிருந்து இருப்பது ‘தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்’. நாடு என்ற சொல்லும் தைவான் என்ற சொல்லும் இரண்டு பலகையிலும் கிடையாது.

கடைசியாக ஒரு பயிற்சி

கின்மென் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். தைவான் அரசின்கீழ் இருப்பது, சீனாவின் சியாமென் நகரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம். 1958-ல் சீனப் பீரங்கிகள் 44 நாளில் நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளை அங்கே பொழிந்தன. அந்த இரும்பை உருக்கிச் செய்யும் சமையல் கத்தி இன்று தீவின் பெயர்பெற்ற பொருள். சீனச் சுற்றுலாப் பயணிகளும் வாங்கிப் போனார்கள். தீவின் இன்னொரு பெருமை சோளத்தில் காய்ச்சும் மது. சிங்கப்பூர் விருந்துக்கு மா யிங்-ஜியோ கொண்டுபோனதும் அதைத்தான். மது காய்ச்சவும் குடிக்கவும் தீவில் தண்ணீர் போதாது. எதிர்க்கரையிலிருந்து கடலடிக் குழாயில் கொண்டுவர 2015 ஜூலையில் ஒப்பந்தம் ஆனது. தண்ணீர் வந்த நாள் 2018 ஆகஸ்ட் 5. அப்போது இரு கரைப் பேச்சு நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. விழாவைத் தள்ளிவையுங்கள் என்று தைபே சொன்னது. தீவு நிர்வாகம் கேட்கவில்லை, நடத்திவிட்டது.

இப்போது மேலே சொன்ன கேள்விகளை இதற்குப் போட்டுப் பாருங்கள். கையெழுத்துப் போட்டது யார்? அரசுகளும் இல்லை, வெள்ளைக் கையுறைகளும் இல்லை: கின்மென் குடிநீர் நிறுவனமும் ஃபூஜியன் மாகாணத்தின் தண்ணீர் நிறுவனமும். எத்தனை வருஷத்துக்கு? முப்பது. எதை ஒப்புக்கொண்டார்கள்? ஒரு கரையில் தண்ணீர் விற்பது, மறு கரையில் பணம் கட்டுவது. ‘ஒரே சீனா’, ‘1992’ போன்ற சொற்களுக்கு ஒரு தண்ணீர் பில்லில் என்ன வேலை? 2024-ல் 146 பொருட்களின் வரிச்சலுகை போனபோதும் அந்தக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.